ஒரு முள் விடவும்

"…வடிவெண்டு நீர் சொன்னால் வடிவுதான், அதிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா வசந்தி, இந்த ரோசாவுக்கு ஆர் மொட்டை அடிச்சது?"

புவனாக்கா இப்படிக் கேட்டபோது மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, காலை ஒன்பதரை மணி. இடம், ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கிற ஒரு பழைய செங்கல் வீட்டின் சமையல் குசினி. விக்டோரியா மகாராணி காலத்து வீடு, இப்போது அருங்காட்சியகம். அவருடைய கையில் இருந்தது நான் கட்டிய பூங்கொத்து. என் தொழிலில் அதைவிட வடிவான ஒன்றை அதுவரை நான் கட்டியதில்லை. மொட்டை அடித்தது நான்தான்.

எங்கள் பூக்கடைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும் என்னை அதிகம் கண்டிருக்க மாட்டீர்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. காம்பை எப்படிச் சரித்து வெட்டுவது, வாளித் தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதை எல்லாம் மற்றவர்கள் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. கொத்தைக் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்போது, செய்தது பிழை என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? அதைப் பற்றித்தான்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த பள்ளிக்கூடம் ஒன்றும் இல்லை. போர்த்துக்கீசக்காரி ஒருவரின் கடையில் வாளி கழுவப் போய், அவருடைய கையைப் பார்த்துப் பழகினேன். மிச்சத்தைக் கடைக்கு வருகிற சனத்தின் வாயிலிருந்து பழகினேன். ஆராவது நல்ல கதை ஒன்று சொன்னால், வாழ்த்து அட்டையின் பின்பக்கம் எழுதி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவேன். ஒஷாவாவிலிருந்து ஒரு அண்ணை போன் எடுத்து, "தங்கச்சி, மனிசியோட மூண்டு நாளாக் கதை பேச்சில்லை, மூண்டு நாளுக்கும் காணக்கூடிய மாதிரி ஒண்டு கட்டுங்கோ" என்றார். அதற்கு எத்தனை பூ வைக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த லாச்சியில் அதிகம் கிடப்பது புவனாக்கா சொன்னவைதான்.

புவனாக்கா அந்த அருங்காட்சியக வீட்டுக்கு முதலில் துப்புரவு வேலைக்கு வந்தவர். வழிகாட்டிகள் வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு போக, இவர் பின்னால் தூசி தட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் வழிகாட்டி வரவில்லை. வாசலில் ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தும்புத்தடியைச் சுவரோடு சாத்திவிட்டு இவரே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் தும்புத்தடியைக் கொடுக்கவில்லை.

வீட்டைச் சுற்றிக் காட்டி முடிக்கிற இடம் முன் வரவேற்பறை. அங்கே வழிகாட்டி கையில் ஒரு பூங்கொத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூவாக இழுத்து, அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் அவர்கள் பூவில் கட்டி அனுப்பினார்கள். எந்தப் பூ, முள்ளோடா இலையோடா, எந்தக் கையால் நீட்டினது, எல்லாமே பேச்சு. வலது கையால் நீட்டினால் ஓம், இடது கையால் நீட்டினால் இல்லை. புவனாக்கா ஆங்கிலத்தில் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் உப்புப் போடுவார். "அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெட்டையளை வாய் திறக்க விடேல்லை, அதாலை பூவை அனுப்பினவை. எங்களை வாயும் திறக்க விடேல்லை, பூவும் அனுப்ப விடேல்லை. ஆர் பாவம், சொல்லும் பாப்பம்."

சனிக்கிழமைதோறும் அந்தக் கொத்து எங்கள் கடையிலிருந்துதான் போகும். பல வருடப் பழக்கம்.

பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய கண்ணுக்கு ஏறியது. இரண்டு தரம் சத்திரசிகிச்சை செய்தும் சரிவரவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அங்கே இருந்த மனேச்சர் பொல்லாத ஆள் இல்லை. நல்ல முறையில்தான் கேட்டிருக்கிறார்: இனிமேல் அலுவலக அறையில் இருந்து போன் அழைப்புகளை எடுத்து, வருகிறவர்களின் பெயரைப் பதியலாமே என்று. புவனாக்கா ஒன்று கேட்டார். ஒரே ஒரு தரம், வீட்டை முழுவதுமாகத் தான் தனியாகக் காட்டுவது. தடுமாறாமல் முடித்தால் தன்னுடைய சனிக்கிழமையைத் தனக்குத் திருப்பித் தருவது. தடுமாறினால் தானே போய்ப் போனைத் தூக்குவது. மனேச்சர் சம்மதித்தார். தானும் பின்னால் வந்து பார்ப்பேன் என்றார்.

"வீடு எனக்குப் பிரச்சினை இல்லை" என்று புவனாக்கா அந்தக் கிழமை எனக்குப் போனில் சொன்னார். "பதிமூண்டு படி, மூண்டாவது படி முனகும். எல்லாம் காலுக்குத் தெரியும். நீர் வழமையான கொத்தை அனுப்பும், காணும்."

வழமையானது போதாது என்று நான் முடிவெடுத்தேன். பிழை தொடங்கின இடம் இதுதான். அவர் இப்படி ஒரு சோதனைக்குப் போகிறபோது நான் என்ன, வழக்கம்போல ஒன்றைக் கட்டி அனுப்புவதா? வெள்ளிக்கிழமை முழுக்க இருந்து கட்டினேன். இளஞ்சிவப்பு ரோசா. அதோடு ரோசாவைப் போலவே இதழ் அடுக்கி உருண்டையாக இருக்கிற வேறு இரண்டு வகைப் பூ, ஒன்றிலிருந்து ஒன்று நிறம் மட்டும் கொஞ்சம் மங்கிக்கொண்டு போகிற மாதிரி. சுற்றிவர ஐவிக் கொடி. காம்பெல்லாம் இலை வழித்து, முள் எடுத்து, வெண்ணெய் போல. அதன் மேல் பட்டு நாடா. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

அதைத்தான் புவனாக்கா இப்போது விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு, வசந்தி. பூ எல்லாம் உருண்டை, காம்பு எல்லாம் வழுக்கல். நடுவிலை இருக்கிறது ரோசா எண்டு நினைக்கிறன். மற்றதுகள் ஆர்?"

சொன்னேன்.

"சரி. இப்ப ரோசாவைப் பற்றி நான் சனத்துக்கு என்ன சொல்லுறனான்? முள்ளெண்டா பயம். இலையெண்டா நம்பிக்கை. முள்ளும் இலையுமாக் குடுத்தா, பயமாயும் கிடக்கு, நம்பிக்கையும் கிடக்கு எண்டு அர்த்தம். முள்ளை எடுத்துப்போட்டு இலையை விட்டுக் குடுத்தா, இனிப் பயமில்லை, நம்பிக்கை மட்டும்தான். ரெண்டையும் வழிச்சுப்போட்டுக் குடுத்தா, பயப்பிடவும் ஒண்டும் இல்லை, நம்பவும் ஒண்டும் இல்லை. நீர் எனக்கு இண்டைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்தாலும் பகிடியாகத்தான் வரும்.

பிறகு கொத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு தரம், இன்னொரு தரம். "மணமும் இல்லை. நீர் மணந்து பாத்தனீரோ?"

நான் மணந்து பார்க்கவில்லை. அந்தக் கொத்தை மட்டும் இல்லை, எந்தப் பூவையும் நான் மணப்பதில்லை. சாமிக்கு வைக்கிற பூவை மணக்கக் கூடாது என்று சின்னனில் கையில் அடி வாங்கினது. கோயில் பூவுக்கு என்று சொன்னதை என் கை எல்லாப் பூவுக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அத்தனை வருடம் பூவோடு வேலை செய்து, ஒரு பூவைக்கூட மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாத ஒரு பூக்கடைக்காரி. கடைக்கு வருகிற ரோசா தூரப் பயணத்துக்கு என்று வளர்த்தது, அதில் அநேகமானவற்றுக்கு மணம் இல்லை என்பது எனக்குக் காதால் தெரியும். மூக்கால் தெரியாது.

சொன்னேன். புவனாக்கா சிரித்துவிட்டார். "நானும் அப்பிடித்தான் இருந்தனான். கண் போன பிறகுதான் மூக்கைத் திறந்தனான். வசந்தி, இது சாமிக்குப் போகேல்லை. ரூரிஸ்டுக்குப் போகுது. மணக்கலாம்."

மணி பத்தாக இருபது நிமிடம். பதினொரு மணிக்குச் சனம் வரும்.

பிழையைக் கண்டவுடன் மனம் அதைச் சரிசெய்யப் போகாது, முதலில் அதைக் காப்பாற்றத்தான் போகும். என்னுடைய மனமும் போனது. கட்டியதைக் கலைக்காமல் ஒப்பேற்ற என்ன வழி? "அக்கா, மணிக்கூடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. பன்ரண்டிலை ரோசா, மூண்டிலை ஐவி, ஆறிலை மற்றது" என்றேன். அவரும் பாவம், நாலு தரம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு கதவைத் திறக்கிற மாதிரிக் கொத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். மணிக்கூடு சுற்றிவிட்டது. பன்ரண்டு எங்கே என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அப்ப நான் பக்கத்திலை நிண்டு மெதுவாச் சொல்லித் தாறன்" என்றேன்.

கொத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பிறகு அவை ஆருக்கு வேலை குடுப்பினம்? எனக்கோ, உமக்கோ?"

அந்தக் கேள்வியை நீங்கள் எழுதி வைத்திருங்கோ. உதவி செய்கிறேன் என்று நாங்கள் ஓடிப் போய் நிற்கிற இடம் அநேகமாக அவர்கள் நிற்க வேண்டிய இடமாக இருக்கும். நான் அவருடைய விரலுக்கும் மூக்குக்கும் என்ன தேவை என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசித்தபோது வேலை சின்னதாகிவிட்டது. பூவும் இலையுமாக ஆறு வகை வேண்டும். ஒவ்வொன்றும் தொட்டால் வேறு மாதிரி, மணந்தால் வேறு மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்காபரோவில் இருக்கிற கடைக்குப் போய்வர நேரம் இல்லை. ஆனால் என் வான் வண்டிக்குள், ஞாயிற்றுக்கிழமை ஓடருக்காக விடியவே மொத்தச் சந்தையில் எடுத்த ரோசாக் கட்டு ஒன்று மட்டைப் பெட்டியோடு கிடந்தது. முள்ளும் இலையுமாக, கைபடாமல். இரண்டு தெரு தள்ளி ஒரு சுப்பர்மார்க்கெற் இருந்தது. பனிக்குள் சப்பாத்து வழுக்க வழுக்க ஓடினேன்.

அங்கே சமையலுக்கு விற்கிற செடிச் சட்டிகளுக்கு முன்னால் நின்று, முதல் தரம் ஒரு புதினாவைத் தூக்கி மூக்கடிக்குக் கொண்டுபோனேன். ஆரும் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆள் தக்காளியை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். பிறகு ரோஸ்மேரி. பிறகு தைம். காசாளர் மேசைக்குப் பக்கத்தில் நீலப் பூ ஹையசிந்த் சட்டி ஒன்று. அதன் மணம் மூன்றடி தள்ளியே வந்து முகத்தில் மோதியது. இத்தனை வருடம் வாளி வாளியாகத் தூக்கின பூ.

குசினிக்குத் திரும்பி, என்னுடைய பட்டு நாடாவை நானே வெட்டினேன். கை கூசியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்கக் கட்டியது அரை நிமிடத்தில் மேசையில் பரவிக் கிடந்தது. ஐவியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நான் ஒவ்வொன்றாக நீட்ட, புவனாக்கா தொட்டு, நசித்து, மணந்து சொல்லிக்கொண்டு வந்தார். தோல் மாதிரி இலை, மணம் இல்லை: ஐவி, விசுவாசம். ஊசி ஊசியாக: ரோஸ்மேரி, நினைவு. நூல் மாதிரிக் காம்பு, பொட்டு இலை: தைம், துணிவு. மெழுகுப் பூ, மணம்: ஹையசிந்த், விளையாட்டு. புதினாவின் காம்பை உருட்டிப் பார்த்தார், அது உருளவில்லை. புதினாவுக்குச் சதுரக் காம்பு என்பதை நானும் அன்றுதான் கவனித்தேன்.

"புதினா எண்டா நல்லொழுக்கம். அதுக்குச் சதுரக் காம்பு. சரியாத்தான் வைச்சிருக்கினம்" என்றார்.

"கறிவேப்பிலைக்கு என்ன அர்த்தம் வைச்சவை, அக்கா?"

"அவைக்கு அதைத் தெரியாது. தெரிஞ்சிருந்தா முழுப் புத்தகத்தையும் அதுக்கே எழுதியிருப்பினம்."

நான் காம்புகளைச் சேர்த்து நூலால் கட்டினேன்.

கட்டி முடித்ததைப் பார்த்தால் ஆரோ வீட்டுத் தோட்டத்தில் அவசரத்துக்குப் பிடுங்கின மாதிரி இருந்தது. படம் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் புவனாக்கா சொன்னார், அந்தக் காலத்துப் பெண்கள் உண்மையில் கையில் கொண்டு திரிந்தது இப்படித்தானாம். தெரு நாற்றத்துக்கு மூக்கோடு பிடிக்கிற கொத்து, வாசனை இலைதான் அதில் பாதி. பல வருடமாக நான்தான் கடைக் கொத்தை அனுப்பி, அதை விக்டோரியா காலத்துக் கொத்து என்று சொல்ல வைத்திருக்கிறேன்.

பதினொன்றுக்குக் கால் மணி இருக்க மனேச்சர் வந்தார். கொத்தைப் பார்த்தார், தொட்டார், கையை இழுத்தார்.

"முள்ளா? இதைச் சனத்திடம் கைமாற்றிக் கொடுப்பது வழக்கம். ஆருக்காவது குத்தினால்? தயவுசெய்து எடுத்துவிடுங்கள்."

அவர் சொன்னது பிழை இல்லை. உங்களுக்கும் இப்படி வரும்: பொறுப்பான ஒருவர், நியாயமான ஒன்றை, நேரம் இல்லாத நேரத்தில் சொல்வார். அப்போது இரண்டு பிழை செய்யலாம். வாய்க்கு வாய் கொடுக்கலாம். இல்லையென்றால் ஓம் என்று சொல்லி எல்லாவற்றையும் வழித்துவிடலாம். என் கை முள் எடுக்கிற இடுக்கியைத் தூக்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். புவனாக்கா மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். முள் இல்லாவிட்டால் ரோசாவைப் பற்றிச் சொல்வதற்கு அவருக்கு ஒரு பிடியும் இல்லை.

"அக்கா, கொத்தைப் பிடியுங்கோ பாப்பம். கதை சொல்லேக்கை உங்கட பெருவிரல் எங்கை நிக்கும்?"

பிடித்துக் காட்டினார். நடு ரோசாவின் காம்பில், மேல் இலைக்குக் கீழே ஒரு அங்குலம். அந்தக் காம்பில் அந்த இடத்து முள் ஒன்றை மட்டும் விட்டேன். மிச்ச ரோசாக்களில் இலையை விட்டு முள் எல்லாவற்றையும் எடுத்தேன். மனேச்சரிடம் கொத்தை நீட்டி, "ஒரே ஒரு முள். அது இருக்கிற ரோசா புவனாவின் கையைவிட்டுப் போகாது. மற்றவற்றை ஆரும் தொடலாம்" என்றேன். அவர் ஒவ்வொரு காம்பாகத் தடவிப் பார்த்தார். தலையாட்டினார்.

வந்தவர்கள் ஒன்பது பேர். நான் மனேச்சருக்குப் பக்கத்தில், கடைசியில் நடந்தேன். புவனாக்கா தன் கண்ணைப் பற்றி அவர்களுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. படி ஏறினார், மூன்றாவது படி முனகும் என்று முதலே சொன்னார், அது முனகியது, சனம் சிரித்தது. எட்டு அறை. ஒரு கதிரையில்கூட இடிபடவில்லை.

வரவேற்பறையில் ஐவியும் ரோஸ்மேரியும் சொல்லி முடித்தபோது, முன்னால் நின்ற ஒரு பெண் விரலை நீட்டி, "அது என்ன?" என்று கேட்டார்.

எது? புவனாக்காவுக்கு அந்த விரல் தெரியாது. பக்கத்தில் மனேச்சரின் மூச்சு எனக்குக் கேட்டது. "ஹையசிந்த்" என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலையில் நான் செய்த வேலைகளில் மிகக் கஷ்டமானது அதுதான்.

"சொல்ல மாட்டேன்" என்றார் புவனாக்கா. "எல்லோரும் கண்ணை மூடுங்கள். நான் ஒவ்வொன்றாகத் தருகிறேன். நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

ஒன்பது பேரும் கண்ணை மூடினார்கள். திரும்பிப் பார்த்தேன், மனேச்சரும் மூடியிருந்தார். அந்த அறையில் கண் திறந்து நின்றது நானும் புவனாக்காவும்தான். அவர் ஒவ்வொரு காம்பாக உருவிக் கைமாற்றினார். ஆரோ புதினா என்றார்கள். ஆரோ ஒருவர் தைமை மணந்துவிட்டுத் தன் தாயின் சூப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்த முடியாமல் நின்றார். நடு ரோசா மட்டும் புவனாக்காவின் கையில் இருந்தது. முள்ளுக்கு ஒரு அர்த்தம், இலைக்கு ஒரு அர்த்தம், இரண்டும் இல்லாததற்கு ஒரு அர்த்தம் என்று பெருவிரலை ஒவ்வொன்றிலும் வைத்து வைத்துச் சொன்னார். ஒரு இடத்திலும் தேடவில்லை.

இன்றைக்கும் கடையில் சனிக்கிழமை ஓடர்த் தாளின் அடியில் "ஒரு முள் விடவும்" என்று என் கையெழுத்தில் இருக்கும். அதைக் கண்டு நீங்கள் குழம்பியிருப்பீர்கள். போன மாதம் உங்களில் ஒருவர், ஆரோ எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அந்த முள்ளையும் எடுத்து அனுப்பினாராம். புவனாக்கா எனக்குப் போன் எடுத்து, உங்கட கடையிலை திரும்பவும் மொட்டை அடிக்கத் தொடங்கிவிட்டினம் என்றார். உங்களை ஏச இதை எழுதவில்லை. நானும் அதே பிழையைத்தான் செய்தேன், அதுவும் பட்டு நாடாவோடு. ஆனால் கொத்தைக் கட்டுவதற்கு முதல் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கோ: இதை ஆர் பிடிக்கப் போகிறார், எதற்காகப் பிடிக்கப் போகிறார்? மணந்தும் பாருங்கோ. சாமி ஒன்றும் சொல்லாது.

அன்றைக்கு ஆனால் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. சனம் கைதட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டது. மனேச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நன்றாக இருந்தது என்றார். ஆனால் தான் மட்டும் முடிவெடுக்க முடியாது, திங்கட்கிழமை மற்றவர்களோடும் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

புவனாக்கா ஓம் என்ற மாதிரித் தலையாட்டினார். பிறகு கையில் மிஞ்சியிருந்த அந்த ரோசாவின் காம்பில் பெருவிரலை வைத்து, ஒற்றை முள்ளைப் பக்கவாட்டில் தள்ளி ஒடித்தார். இலை இருக்கிறதா என்று ஒரு தரம் தடவிப் பார்த்தார். மனேச்சரின் குரல் வந்த பக்கம் திரும்பி, வலது கையால் அதை நீட்டினார்.